ஏரியில் பச்சை எப்போது வந்தது?

அந்தத் தெருவில் மோப்பத்துக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. அவளுக்குப் பத்து வயதுதான். எதைக் கண்டாலும் "ஏன்? எதுக்கு? யாரு?" என்று துருவித் துருவிக் கேட்பாள். அதனால் அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. நாளடைவில் அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இந்த இரண்டு வாரமாக மோப்பத்தின் சந்தேகமெல்லாம் ஒரே ஆள்மேல்தான். எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். தையல் மெஷின் பழுது பார்ப்பவர். கையெல்லாம் எண்ணெய்க் கறை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். தினமும் காலையில் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு நீல டிரம்மைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்கும்.

அவர் வந்த நேரம் பார்த்துத்தான் ஏரியும் கெட்டுப்போனது. தண்ணீர் பச்சைப் பசேலென்று மாறியது. கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை மோப்பம் முன்கூட்டியே போய், ஏரிக்கரைப் புதருக்குள் ஒளிந்துகொண்டாள். சற்று நேரத்தில் சைக்கிள் வந்து நின்றது. மெஷின்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிரம்மின் மூடியைத் திறந்தார். மெல்லச் சாய்த்தார்.

கொடகொடவென்று ஏதோ ஏரிக்குள் கொட்டியது.

மோப்பத்தின் காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. "யாரது?" என்று அவர் திரும்பினார். அவள் எடுத்தாள் ஓட்டம்.

நேராகப் பேப்பர் கடை மாமாவிடம் போய் மூச்சு வாங்கச் சொன்னாள். மாமாவிடம் சொன்னால் போதும், ஒலிபெருக்கியே வேண்டாம். மதியத்துக்குள் தெருவே கொதித்தது.

"மெஷின் கழிவு எண்ணெயைக் கொண்டுபோய்க் கொட்டறான் போல. நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் என் வாசலுக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடறேன்" என்றார் எதிர்வீட்டுச் சொந்தக்கார அம்மாள்.

மோப்பத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்று தோன்றியது. அம்மாவிடம் ஓடினாள்.

அம்மாவின் வேலையே விண்ணிலிருந்து செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்ப்பதுதான். எந்தக் காடு காய்கிறது, எந்த ஏரி வற்றுகிறது, எங்கே தண்ணீரின் நிறம் மாறுகிறது என்று கணக்கெடுப்பாள்.

"அம்மா, அந்த ஆள் டிரம்மைக் கவுக்கிறது உன் படத்துல தெரியுமா?"

"நம்ம வீடே அதுல ஒரு புள்ளிதான்டி. ஆளெல்லாம் தெரியாது. தண்ணியோட நிறம் தெரியும். அஞ்சு நாளைக்கு ஒரு தடவை படம் வரும்."

"அப்போ பச்சை எப்போ வந்துச்சுன்னு பார்க்கலாமா?"

அம்மா கணினியில் ஏரியைத் தேடி எடுத்தாள். மேலிருந்து பார்க்க அது ஒரு வளைந்த அவரைக்காய் போல இருந்தது. இருபத்தைந்தாம் தேதிப் படத்தில் முழுக்கப் பச்சை. இருபதாம் தேதியும் அப்படித்தான். பதினைந்தாம் தேதி பாதி ஏரி பச்சை.

"அவர் குடிவந்தது பன்னிரண்டாம் தேதி. அதுக்கு முன்னாடி படத்தைக் காட்டும்மா!"

பத்தாம் தேதிப் படம் வந்தது. பஞ்சுப் பொதி போல ஒரே வெள்ளை.

"மேகம் மறைச்சிடுச்சு" என்றாள் அம்மா.

"சரியா அன்னிக்குப் பார்த்தா மேகம் வரணும்?" மோப்பத்துக்கு மேகத்தின்மேலும் சந்தேகம் வந்தது. "அதுக்கும் முன்னாடி?"

ஐந்தாம் தேதிப் படத்தில் ஏரி தெளிவாக இருந்தது. வடக்கு மூலையில் மட்டும் நூல் போல ஒரு பச்சைக் கோடு.

மோப்பம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். மெஷின்காரர் தெருவுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பச்சை வந்திருக்கிறது. அவர் டிரம்மைச் சாய்த்ததோ தெற்குக் கரையில்.

"அந்த வடக்கு மூலையில என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். ஏரியை ஒட்டி ஒரு பெரிய சதுரம்.

"உங்க பள்ளிக்கூட மைதானம்" என்றாள் அம்மா. "புல்லுக்கு உரம் எதாவது போட்டீங்களா?"



"போன மாசக் கடைசியில போட்டோம். சார் ஒரு மூட்டை போதும்னார். நாங்க மூணு மூட்டை போட்டோம்."

"நாங்கன்னா யாரு?"

"எங்க வகுப்பு. நிறையப் போட்டா சீக்கிரம் வளரும்னு நான்தான் முதல்ல சொன்னேன்."

"மறுநாளே பேய் மழை கொட்டிச்சு. உரமெல்லாம் ஏரிக்குப் போயிருக்கும். புல்லு மாதிரிதான் பாசியும், உரம் கிடைச்சா மளமளன்னு வளரும். அது செத்து அழுகினா தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சு மீனுக்கு மூச்சு முட்டும்."

ஏரி கெட்ட கதை மோப்பத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்த டிரம் மட்டும் மனதுக்குள் உருண்டுகொண்டே இருந்தது.

ஞாயிறு காலை அவள் ஒளியவில்லை. ஏரிக்கரைக்குப் போய், நேராக மெஷின்காரர் எதிரில் நின்றாள்.

"டிரம்ல என்ன இருக்கு?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துப் புதருக்குள்ள இருந்தது நீதானே?"

"ஆமா."

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே ஏழெட்டு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

"தினம் முடிஞ்சவரைக்கும் வலையில பிடிச்சு, செங்கல் சூளைக்குப் பின்னாடி இருக்கிற குட்டையில விடறேன்."

"அப்போ நேத்து ஏரியில கொட்டினது?"

"குட்டைத் தண்ணி. ஏரித் தண்ணியில மீன் பிழைக்காதுன்னு வரும்போதே நிரப்பிக்கிட்டு வருவேன். கொஞ்சம் கொட்டி இடம் பண்ணினாத்தான் மீனை விடும்போது தளும்பாது."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"யாராவது கேட்டீங்களா?"

ஊரில் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்பவள், இவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. சொந்தக்கார அம்மாள் தொண்டையைச் செருமுவதற்குள் மோப்பம் படிக்கட்டில் ஏறி நின்றாள். கையில் அம்மா அச்செடுத்துக் கொடுத்த படங்கள். 

தேதி வாரியாகப் படங்களைக் காட்டினாள். பச்சைக் கோட்டைக் காட்டினாள். மீன்களைப் பற்றியும் சொன்னாள்.

"அப்போ ஏரியைக் கெடுத்தது யாரு?" என்றார் பேப்பர் கடை மாமா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நான்தான். எங்க வகுப்பும்தான். நாளைக்கு சார்கிட்டயும் இந்தப் படங்களைக் காட்டப் போறேன். இவர்மேல தப்பே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

 மாமா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்கார அம்மாள், "நல்லவேளை, நான் இன்னும் வாயைத் திறக்கலை" என்று முணுமுணுத்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மெஷின்காரரின் குரல் கேட்டது.

"பேசி முடிச்சாச்சா? முடிச்சிட்டா ஆளுக்கொரு பக்கெட் எடுத்துக்கிட்டு வாங்க. வெளிச்சம் போறதுக்குள்ள நாலு நடை போயிடலாம்."

முதலில் மாமா நகர்ந்தார். பிறகு அண்ணன், அம்மா, சொந்தக்கார அம்மாள் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ஏரிக்கும் குட்டைக்கும் நடுவே விதவிதமான வாளிகள் வரிசையாக ஊர்ந்தன.

மோப்பத்தின் வாளியில் ஒரு கெண்டை மீன். பாதி வழியில் அது துள்ளி, வாலால் தண்ணீரை அவள் முகத்தில் விசிறி அடித்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. துடைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.