எல்லாரும் காலி

ஒரு படுக்கை சிவப்பிலிருந்து நேராகப் பச்சைக்கு மாறியது. நடுவில் மஞ்சள் வரவில்லை.

சிவப்பு என்றால் நோயாளி இருக்கிறார். மஞ்சள் என்றால் படுக்கையைச் சுத்தம் செய்கிறார்கள். பச்சை என்றால் காலி. எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் உடனுக்குடன் திரைக்கு வரும் இந்த நிறங்களைப் பார்த்துத்தான், எந்த ஆம்புலன்ஸ் எங்கே போக வேண்டும் என்று சுகாதாரத் துறைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவள் சொல்வாள். காலையில் ரசாயனத் தொழிற்சாலையில் வாயு கசிந்ததிலிருந்து திரை முழுக்கச் சிவப்பு. ஏசியின் முனகலுக்கும் ஓயாத போன் மணிக்கும் நடுவே, ஆறிப்போன காபி வாடையில், மூச்சுத் திணறுகிறவர்களை எங்கே சேர்ப்பது என்று அவள் திண்டாடியபோதுதான் ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் அந்தப் பச்சை. பிறகு இன்னொன்று. பிறகு வார்டு மொத்தமும்.

அங்கே நிறம் மாற்றுகிற நர்ஸ் அவளுடைய தங்கைதான். போனை எடுத்தாலே, "லாட்ஜ்ல ரூம் வேணுமா மேடம்?" என்று வம்பிழுப்பவள், இன்று எடுத்ததும் இருமினாள்.

"என்னடி, எல்லாம் பச்சையா காட்டுது?"

"எல்லா..." மீதியை இருமல் விழுங்கியது. "காலிக்கா."

"அப்பாடா! இரு, வண்டிங்களை அனுப்புறேன்."

மறுமுனையில் இருமல் நின்றது. வேலை மும்முரம் போல என்று நினைத்து, போனை வைக்காமலே, வயர்லெஸ்ஸில் எல்லா வண்டிகளையும் ஏரிக்கரைக்குத் திருப்பினாள். காலையிலிருந்து அப்போதுதான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதலில் போய்ச் சேர்ந்த டிரைவர் வயர்லெஸ்ஸில் வந்தார்.

"மேடம், வாசல்லயே செக்யூரிட்டி விழுந்து கிடக்காரு. வார்டுலயும் ஒருத்தருக்கும் உயிர் இல்ல. நெடி தாங்கல, காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சு போல. நர்ஸம்மா கையில போனோட மேசைமேல சாஞ்சு... போயிட்டாங்க மேடம்."

இருமினார். அப்புறம் பேச்சே இல்லை.

'எல்லாம்' இல்லை. 'எல்லாரும்.' எல்லாரும் காலி. அதைத்தான் தங்கை சொல்லியிருக்கிறாள். பாவி, நான் என்ன செய்துவிட்டேன்?

திரையில் அடுத்த வார்டும் பச்சையானது. யார் மாற்றுகிறார்கள்?

மற்ற வண்டிகளையாவது தடுக்க வேண்டும். வயர்லெஸ் பொத்தானை அழுத்தினாள். "போகாதீங்க!" என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை; விரல் பொத்தான்மேலேயே இருந்தது.

குரல் மட்டும் வந்தது. மேசைமேல் கிடந்த போனிலிருந்து. இருமலே இல்லாமல். நிதானமாக.

"வாங்க. இடம் இருக்கு."

போனில் அக்கா, தங்கை இரண்டு பேர் குரலும் ஒன்றுதான். பெற்ற அம்மாவே ஏமாறுவாள்.

"சரி மேடம்," என்றார் ஒரு டிரைவர்.

"சரி மேடம்," என்றார் அடுத்தவர்.