எதிர்க் கோபுரத்து இருமல்

விடிந்தும் விடியாத வேளை. தெருவை எழுப்பியது சேவல் இல்லை, கன்சோவின் குரல்.

“கிண்ணம் எங்கேடி? முன்னோருக்குச் சோத்து உருண்டை வைக்கிற வெள்ளிக் கிண்ணம் எங்கே?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சம்பேயின் கை அப்படியே நின்றது. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. தூண்கள்மேல் கட்டிய வீட்டின் ஏணிப்படியில் நின்ற நாத்தனார் ரும்தூலைத்தான் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

போன பிறையில் குளக்கரையில் ஒருநாள் காலை, ரும்தூல் இவள் மடியில் விழுந்து அழுதிருந்தாள். சீனக் கப்பல்காரன் ஒருவன் காற்று திரும்பினதும் வந்து கட்டிக்கொள்வேன் என்றானாம். ரும்தூல் அந்தக் கிண்ணத்தை எடுத்து அடையாளமாகக் கொடுத்துவிட்டாளாம்! காற்று திரும்பியது, கப்பல்களும் வந்தன. அவன் வரவில்லை. ‘அம்மாகிட்ட சொன்னா இந்தக் குளத்துலயே விழுந்துடுவேன் அண்ணி’ என்று அவள் சொன்னபோது, சொல்லமாட்டேன் என்று சம்பே கையடித்துக் கொடுத்திருந்தாள்.

“நான் எடுக்கல அத்தை.”

“அப்ப யாருடி எடுத்தா? கிண்ணத்துக்குக் கால் முளைச்சுதா?”

சம்பே குனிந்து மறுபடியும் தேங்காயைத் துருவத் தொடங்கினாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? எனக்குத் தெரியும்டி! ஏரிக்கரையில கருவாட்டு வாடையோட நின்னவளை என் பிள்ளை கூட்டிக்கிட்டு வந்தான். வெள்ளியைக் கண்டதும் கை அரிச்சிருக்கு!”

பக்கத்து வீடுகளின் ஏணிகளில் தலைகள் தெரிந்தன. யானைக் கொட்டடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சம்பேயின் புருஷன் ரித்தி ஓடிவந்தான். “அம்மா, மெதுவா பேசும்மா. சம்பே, உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லேன்...”

“நான் எடுக்கலேங்கறது தெரியும். வேறென்ன சொல்ல?”

அந்த நிதானம்தான் கன்சோவுக்குப் பொறுக்கவில்லை. “அவ்வளவு யோக்கியம்னா என்னோட வழக்குக் கோபுரத்துல வந்து உட்காருடி! சாமி தீர்ப்புச் சொல்லட்டும்!”

ஏணிகளில் நின்றவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டால் எங்கள் தலைநகர் யசோதரபுரத்தில் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்க முடியாது. சொன்ன மறுநொடியே கன்சோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சந்தையில் சொன்ன விலையை ஒருநாளும் குறைக்காதவள் அவள். வீம்பும் ஒரு நோய்தானே, என்ன செய்வது!

அரண்மனைக்கு எதிரே வரிசையாக நிற்கும் கல்கோபுரங்களில் ஆளுக்கொன்றாக ஏற்றினார்கள். வழக்குப் பேசுகிறவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். பொய் சொன்னவருக்குக் காய்ச்சலோ கொப்புளமோ இருமலோ வந்துவிடும், மெய் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது. தெய்வம் அப்படித் தீர்ப்புச் சொல்வதாக எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நோய் சம்பேயைத் தொட்டால் அவள் மகள் பொன்லுவை விட்டுவிட்டுத் தனியாக ஏரிக்கரைக்குப் போக வேண்டும். கன்சோவைத் தொட்டால், வீண்பழி போட்டவள் இனிச் சந்தையில் பாய் விரிக்கக் கூடாது.

ஒருத்தருடைய ஆட்கள் மற்றவருடைய கோபுரத்தடியில் காவல் இருப்பது வழக்கம். சம்பேக்கு நகரத்தில் நாதி ஏது? புருஷன்தான் அவள் ஆள் என்றார் அரண்மனை விசாரணைக்காரர். ரித்தி பெற்ற தாயின் கோபுரத்தடியில் நின்றான். ரும்தூல் அண்ணியின் கோபுரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள்.

மழைக்காலத்தின் கடைசி நாட்கள். காலையில் அகழியிலிருந்து பனி எழுந்து வந்து வீதியை மூடும். அதற்கு மேலே கோயில் சிகரங்கள் மட்டும் மிதக்கும். பனிக்குள்ளிருந்து முதலில் யானையின் மணியோசை வரும், பிறகுதான் யானை வரும். வெள்ளைக் குடைகள் ஆளில்லாமல் நகர்வதுபோல் போகும். கூந்தலில் பூவோடு அரண்மனைப் பெண்கள் போன பிறகும் மல்லிகை மணம் அங்கேயே நிற்கும்.

வீடு, அடுப்பு, ஏச்சு, பேச்சு எல்லாம் எப்போதோ கண்ட கனவாகத் தோன்றியது சம்பேக்கு. தாமரைத் தண்டு விற்பவளின் கூவலில் கண் சொருகும். விழித்தால் வீதி முழுக்க மஞ்சள் வெயில். சாயங்காலம் ரித்தி பொன்லுவைத் தோளில் ஏற்றித் தூரத்திலிருந்தே காட்டுவான். குழந்தை கையாட்டும். அப்போதுதான் கனவு கலைந்து இவளும் கையாட்டுவாள்.

அப்படியொரு காலையில்தான் எதிர்க் கோபுரத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இருமல்... முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமுகிற இருமல்.

சம்பே திடுக்கிட்டு எழுந்தாள். அந்த இருமல் அவளுக்குப் பழக்கம். வருஷா வருஷம் மழை முடிகிற நேரத்தில் அத்தைக்கு வருவது. சுக்குத் தண்ணி காய்ச்சித் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவாள் இவள். யார் வைத்தது என்று அத்தை கேட்டதும் இல்லை, இவள் சொன்னதும் இல்லை. கல்லிலும் பனியிலும் கிடந்து இந்தத் தடவை பலமாகவே வந்துவிட்டது. அதை யார் நம்புவார்கள்? விசாரணைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ரித்தி முகத்தை மூடிக்கொண்டான்.

இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும். சம்பே ஜெயித்துவிடுவாள்!

ஆனால் அவள் கண்ணுக்குள் வந்தது சந்தைதான். இரண்டு பிள்ளைகளோடு விதவையாக நின்ற கன்சோ, வெற்றிலையும் மிளகும் விற்று அந்த ஒரு பாயில் உட்கார்ந்தே அவர்களை ஆளாக்கினாள். அங்கே உட்கார்ந்து வாயாடினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அந்த இடத்தைப் பிடுங்கினால் அத்தை ஒரு மழைக்காலம் தாங்குவாளா? பொன்லுவை நினைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே இருமத் தொடங்கினாள்.

“கொஹ்... கொஹ்...”

எதிர்ச் சத்தம் அமுங்கிப் போகும்படி உரக்க இருமினாள். வழியில் போனவர்கள் நின்றார்கள். “ஏரிக்கரைக்காரிக்கு வந்துடுச்சுடோய்!”

“அண்ணி! என்ன பண்றீங்க? நிறுத்துங்க அண்ணி!” என்று கீழேயிருந்து கதறினாள் ரும்தூல்.

“நீ வாயை மூடுடி... உங்கம்மாவுக்குச் சந்தைதான் உசுரு...”

எதிர்க் கோபுரத்தில் இருமல் சட்டென்று நின்றது. பிறகு, இறங்கக் கூடாத படியில் கன்சோ இறங்கி வந்தாள். அரண்மனைக் காவலர் தடுத்ததைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்க வீதியைக் கடந்து மருமகளின் கோபுரத்தடியில் வந்து நின்றாள்.

“ஏண்டி! இதுக்குப் பேரு இருமலாடி? வருஷா வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமுறவ நான். எனக்கே இருமிக் காட்டுறியா? தொண்டையில சளியே இல்ல, கழுதை மாதிரி கத்துற!”

“அத்தை... மேல ஏறிப் போங்க அத்தை...”

“போகமாட்டேன்! எனக்காகப் பெத்த பிள்ளையையே விட்டுக்கொடுக்கத் துணிஞ்சவ, ஒரு கிண்ணத்தையா எடுப்பா? எவன் எடுத்தானோ, எங்கே போச்சோ, எனக்கு வேணாம்! ஐயா, விசாரணைக்காரரே! இருமுறவ நான். தப்பாச் சொன்னவ நான். எழுதிக்குங்க!”

“சந்தையில உன் இடம் போயிடும் கிழவி. யோசிச்சுப் பேசு.”

“போகட்டும்!” என்றாள்.

அதற்கு மேல் ரும்தூலுக்குத் தாங்கவில்லை. தாயின் காலில் விழுந்தாள். “நான்தாம்மா எடுத்தேன்! அந்தக் கப்பல்காரனுக்குக் கொடுத்தேன்... அண்ணிக்குத் தெரியும். நான் செத்துடுவேன்னு சொன்னதால அவங்க வாயே திறக்கல...”

கன்சோ கையை ஓங்கினாள். அதற்குள் கீழே இறங்கி வந்திருந்த சம்பே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் அத்தை. அவ ஏற்கெனவே நொந்து போயிருக்கா.”

ஓங்கிய கை மருமகளின் தோளில் விழுந்தது. “எம் பொண்ணைக் காப்பாத்தினவளையா நான் தெருவுல நிறுத்தினேன்... என் கண்ணே... என் தங்கமே...” கன்சோ அழுதாள், இருமினாள், மறுபடியும் அழுதாள். சம்பே அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். ரித்தி இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டான்.

தீர்ப்பு தீர்ப்புதான். கன்சோவின் இடம் பறிபோனது. அதை வேறு யாருக்கு ஒதுக்குவது என்று விசாரணைக்காரர் கேட்கும் முன்பே அவள் மருமகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

சில நாள் கழித்து, பனி விலகாத ஒரு காலையில் சம்பே சந்தையில் பாய் விரித்தாள். கன்சோ அவளுக்குப் பின்னால், வெறும் தரையில், பொன்லுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வெத்தலை என்ன விலை, கன்சோ?” என்று பழைய வாடிக்கைக்காரி கேட்டாள்.

“என்னைக் கேட்காதே. கடைக்காரியைக் கேளு,” என்றாள் கன்சோ. “என் மருமக.”