கவர் பிரிக்காத ரிமோட்

மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வருவதாக இருந்தார்கள். ரிமோட் காலையிலேயே படுத்துவிட்டது.

சங்கரவடிவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் கேசரிக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் அவள் கணவர் ஆவுடையப்பன் ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, பல்லால் ஒரு கடி கடித்து மறுபடி உள்ளே போட்டார். பிறகு அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். இந்த வைத்தியத்துக்கு மசியாத ரிமோட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஏளா, இப்ப வந்து பிடி," என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ரிமோட்டின் மறுமுனையைப் பிடித்தாள். அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தொலைக்காட்சித் திரை இருண்டு, நடுவில் ஒரு வரி வந்தது: 'இருவருக்கும் பொதுவான விருப்பம் எதுவும் கிடைக்கவில்லை.'

"நாசமாப் போச்சு," என்றாள் வடிவு.

ஊரார் ரிமோட் என்று சொன்னாலும் அந்தக் கருவியின் பெயர் மனவிசை. உலகத்திலுள்ள படம், தொடர், பந்தாட்டம் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவரும் ஓடைப்பெட்டியோடு அதைப் பிணைத்து வைப்பார்கள். தேடுவதற்கு அதில் பொத்தான் கிடையாது. உள்ளங்கைத் தோலில் ஓடும் நுண்ணிய மின்துடிப்பைப் படித்து, பிடித்தவர் மனசு எதைப் பார்க்க ஏங்குகிறதோ அதைத் திரையில் போட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் இருவருக்கும் பொதுவானதைத் தேடும். கிடைத்தால் பச்சை, கிடைக்காவிட்டால் சிவப்பு. வீட்டுக்கு வீடு நடந்த ரிமோட் சண்டையைத் தீர்க்க வந்த கருவி அது.

செய்தவர்கள் நினைத்தது அவ்வளவுதான். நம் ஆட்கள் அதோடு விடுவார்களா? இரண்டு மனசும் ஒன்றா என்று ஒரு விளக்கு சொல்லுமானால் ஜாதகக் கட்டு எதற்கு என்று முதலில் கேட்டவர் ஒரு கல்யாணத் தரகர். பத்துப் பொருத்தம் போய் ஒரே பொருத்தம் வந்தது, ஓடைப் பொருத்தம். பெண் வீட்டு ரிமோட்டைப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு முனையில் பிடிக்க வேண்டும். பச்சை எரிந்தால் தாம்பூலம். சிவப்பு எரிந்தால் காபி டம்ளரைக்கூடக் காலி செய்யாமல் எழுந்து போவார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மூன்று முறை சிவப்பு விழுந்து, தெருவின் வாய்க்குப் பயந்து அவள் பெங்களூருக்கே போய்விட்டாள்.

அந்தப் பயம் வடிவுக்கு இருந்ததே இல்லை. காரணம், அவர்கள் வீட்டு ரிமோட் பேர்பெற்ற ராசிக்காரி. வடிவின் அப்பா வாங்கியது. முப்பது வருஷத்துக்கு முன் அவளும் ஆவுடையப்பனும் அதைப் பிடித்தபோது பளிச்சென்று பச்சை எரிந்து, திரையில் வெள்ளைவெளேரென்று ஓர் அருவி கொட்டியது. அவள் தங்கைக்கும் அதே அருவி. நாத்தனாருக்கும் அதே அருவி. பாளையங்கோட்டையில் நாலு தெரு தள்ளியிருந்தவர்கள்கூடப் பெண் பார்க்கும் நாளில் இரவல் வாங்கிப் போனார்கள். அன்றாடம் தொலைக்காட்சி பார்க்க வேறு ரிமோட் இருந்தது. இது பூஜை அலமாரியில் இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டது.

இன்றைக்குப் பார்த்துத்தான் அது கைவிரித்தது. அதுவும் மகள் கோமதிக்கு.

கோமதியும் செண்பகராமனும் கயத்தாறு காற்றாலை நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். "இவரு இல்லன்னா எனக்கு வேற யாரும் வேண்டாம்மா," என்று அவள் சொல்லி வருஷம் ஒன்றாகிவிட்டது. தென்காசிக்கார மாப்பிள்ளையின் அப்பாவோ பொருத்தம் பார்க்காமல் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார். கோமதி இப்போது அழகு நிலையத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். திரும்பி வருவதற்குள் இந்தச் சனியனைச் சரிபண்ணியாக வேண்டும்.

ஓடைத் துணை மையத்துக்குப் போன் போட்டதும் ஒரு மணி நேரத்தில் ஜெபராஜ் என்ற பிணைப்பாளர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது, தோளில் பை, பசித்த முகம்.

"என்ன செஞ்சு பாத்தீங்க அண்ணாச்சி?"

"எல்லாம் பாத்தாச்சு. பேட்டரியக் கடிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

ஜெபராஜ் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். எல்லா வீட்டிலும் கடிக்கிறார்கள். அவர் ஓடைப்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிச் சற்று நேரம் சும்மா விட்டு, மறுபடி செருகினார். ரிமோட்டின் பின்பக்கமிருந்த பிணைப்புக் குமிழை நீல விளக்கு கண் சிமிட்டும்வரை அழுத்தி, பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிமிட்டல் நின்று விளக்கு நிலைத்தது. அவர் ரிமோட்டைத் தனியாகப் பிடித்தார். திரையில் கால்பந்து ஓடியது.

"எனக்கு நல்லாத்தான் வேல செய்யுது. அண்ணாச்சி, நீங்க ஒரு முனையப் பிடிங்க."

ஆவுடையப்பன் பிடித்தார். பச்சை எரிந்தது. திரையில் ஒரு பெரிய அண்டாவின் மூடியைத் திறக்கிறார்கள், ஆவி பறக்க பிரியாணி. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. இரண்டு ஆண்களும் அதை ஒரு நிமிஷம் பக்தியோடு பார்த்தார்கள்.

"நான் பிடிச்சாத்தான் வர மாட்டேங்குது," என்றாள் வடிவு. கணவரோடு மறுபடி பிடித்துக் காட்டினாள். சிவப்பு.

"முன்னால என்னம்மா வரும்?"

"அருவி."

"யாரு பிடிச்சாலுமா?"

"ஆமா. எங்க வீட்டு ராசி அது."

ஜெபராஜ் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷப் பொருளில் ஒரு கீறல் இல்லை, எழுத்து அழியவில்லை. "இத கவர் போட்டா வச்சிருந்தீங்க?"

"பின்னே?" என்றார் ஆவுடையப்பன். அவமானப்பட்டது போலிருந்தது அவர் குரல். வாங்கிய சோபாவின் பாலிதீனைப் பிரிக்காமல் பத்து வருஷம் உட்கார்ந்து, வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டும் அசராத மனிதர் அவர். "எங்க மாமனார் வாங்கும்போது போட்டிருந்த கவரு. ரப்பர் பேண்டுதான் மாத்துவோம். பொருத்தம் பாக்கும்போதும் பிரிக்க மாட்டோம். காலையில இந்தக் கோமதிதான், குங்குமம் படிஞ்சு பிசுபிசுன்னு இருக்கு, வாரவங்க என்ன நினைப்பாங்கன்னு பிரிச்சுக் குப்பையில போட்டுட்டா."

ஜெபராஜ் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். ரிமோட்டை அதற்குள் போட்டு மடித்து டீப்பாய் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

யாரும் தொடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. திரை நிறைய அருவி கொட்டியது.

"கடையில ரிமோட்ட கவரோட தொங்கவிட்டிருப்பாங்க," என்றார் அவர் தணிந்த குரலில். "கவருக்குள்ள, பெட்டிக்கு நேர, தோலே படாம இருந்தா, 'சரி, நாம கடையில இருக்கோம்'னு அதுவா நெனச்சுக்கும். வாடிக்கையாளரக் கவர பச்சை விளக்கும் ஒரு அருவியும் காட்டும். கோளாறு ஒண்ணும் இல்லம்மா. இன்னைக்குத்தான் இது மொதமொதலா ஒழுங்கா வேல செய்யுது."

வடிவு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கல்யாணம், தங்கையின் கல்யாணம், நாத்தனார் கல்யாணம், நாலு தெருக் கல்யாணம் எல்லாம் ஒரு கடை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நடந்திருக்கின்றன. அவளுக்கு அழுகை வந்தது. மகளை நினைத்துப் பயமும் வந்தது.

"எப்படி விட்டுட்டுப் போகட்டும்? கவரோடயா, கவர் இல்லாமயா?" என்று ஜெபராஜ் கேட்டார். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள். அவர் கவரை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். பழகிய கை. கேசரியும் வடையும் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நெசமாவே பச்ச விழுந்த வீட்லருந்துதான் எங்களுக்கு அடிக்கடி போன் வருதும்மா. போய்ப் பாத்தா ஒரு கோளாறும் இருக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே படம், ஒரே தொடர். பேசிக்க ஒண்ணுமில்ல. மூணாவது ஆளு ஒருத்தர் வந்து உக்காந்தாப் போதும்னு கூப்பிடுதாங்க."

அவர் கிளம்பிப் போனார். வடிவு ரிமோட்டை எடுத்துத் தனியாகப் பிடித்தாள். திரையில் ஒரு ரயில் பாலைவனத்தில் போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் ஓரம், வெயில், மணல். அவள் யாரிடமும் சொல்லாத ஆசை. ஆவுடையப்பன் வாங்கிப் பிடித்தார். ஒரு சாய்வு நாற்காலி, மின்விசிறி, பக்கத்தில் செய்தித்தாள். வேறு எதுவும் நடக்கவில்லை.

"உங்களுக்கு அருவின்னா உசுருல்லா?" என்றாள் வடிவு.

"எனக்கா? பச்சத் தண்ணி பட்டாலே காது அடைச்சுக்கிடும் எனக்கு."

"அப்போ வருசா வருசம் சாரல் சீசனுக்குக் குத்தாலம் கூட்டிட்டுப் போனியளே?"

"நீ ஆசப்படுதியேன்னுதான்! அன்னைக்குத் திரையில அருவி வந்துதே. சரி, பிள்ளைக்கு அருவின்னா ரொம்ப இஷ்டம் போலன்னு நெனச்சேன்."

"ஐயோ, நான் உங்களுக்காகல்லா வந்தேன்! திரும்பி வந்து ஒரு வாரம் மூக்க உறிஞ்சிக்கிட்டுக் கெடப்பேனே, பாத்ததில்லையா?"

"நீ தண்ணியில ரொம்ப நேரம் ஆடிட்டன்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. முப்பது சீசன் மெயின் அருவியில் வரிசையில் நின்று, எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே இடிபட்டு, நடுங்கிக்கொண்டே சிரித்த முகமாக இருந்ததெல்லாம் கண் முன் வந்தது. அவரும் பக்கத்தில் காதில் பஞ்சோடு சிரித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒருத்தருக்காக ஒருத்தர் நனஞ்சே காலத்த ஓட்டிட்டோம்," என்றாள்.

ஆவுடையப்பன் அவளையே பார்த்தார். "அன்னைக்கு இது ஒழுங்கா வேல செஞ்சிருந்தா நான் காபியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருப்பேன், வடிவு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

 கோமதியைக் கேட்காமல் ரிமோட்டை மறுபடி கவருக்குள் போடுவது சரியா என்று வடிவு யோசித்தாள். சரியில்லைதான். ஆனால் பெண்ணும் பையனும் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டார்கள். இதற்கு மேல் ஒரு விளக்குக்கு இதில் என்ன வேலை?

"கவர் ஒண்ணு வேணுமே," என்றாள். பாலிதீன் ஒழிந்து வருஷங்களாகியிருந்தன, கடையில் கிடைக்காது. ஆவுடையப்பன் எழுந்துபோய் மெத்தையைத் தூக்கினார். அடியில் அவர் மடித்து மடித்துச் சேர்த்த கவர்கள் ஒரு கட்டு இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அதற்காக அவரைத் திட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நாலரைக்கு வந்தார்கள். செண்பகராமன் வியர்த்திருந்தான். அவன் அப்பா உட்கார்ந்ததுமே தொலைக்காட்சியைப் பார்த்தார். அம்மா உலகம்மை மட்டும், "நான் உள்ள வந்து ஒத்தாச பண்ணுதேன்," என்று வடிவோடு சமையலறைக்கு வந்தாள். மேடையில் தாம்பூலத் தட்டில் ரிமோட் இருந்தது. அவள் அதை எடுத்துப் கறைபடாத கவரைத் தடவிப் பார்த்தாள்.

"கவர் புதுசா இருக்கே. பழசப் பிரிச்சுட்டீங்களோ?"

 வடிவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "காலையில பிரிச்சுட்டா மக. தெரியாமத்தான். திரும்பப் போட்டுட்டோம்."

உலகம்மை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கும் அருவிதான் வந்துது. கல்யாணமாகி ஒரு மாசம் கழிச்சு நான் கவரப் பிரிச்சு, அவுக தூங்கும்போது கையில வச்சு, மறுமுனைய நான் பிடிச்சுப் பாத்தேன். செவப்பு. உடனே மூடிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது." தன் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றினாள். "ஒண்ணு பத்தாது. நழுவிரும். இதையும் போடுங்க."

கோமதியும் செண்பகராமனும் ரிமோட்டைப் பிடித்தார்கள்.  பச்சை எரிந்தது. திரையில் அருவி கொட்டியது.

"பாத்தியா, பாத்தியா!" என்று மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டினார். "எங்களுக்கு வந்த அதே அருவி!"

செண்பகராமன் கோமதியைப் பார்த்தான். "உங்களுக்கு அருவின்னா அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டான்.

ஐஸ் பெட்டியைத் திறந்தாலே தும்முகிற கோமதி தலையைக் குனிந்து, "ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு?" என்றாள்.

"எனக்கா? உசுரு," என்றான் அவன், ஒரு நொடி தயங்கிவிட்டு.

உலகம்மை வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தாள். வடிவு மகளுக்குக் கொடுக்க வேண்டிய சீரில் ஒரு தைலக் குப்பியையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள்.