நாற்பதாவது வாரம்

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியின் மேல் தேவயானியின் பெயரும், பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் குடியிருந்த வாடகை வீட்டின் கதவு எண்ணும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தன. அவள் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. பிரித்துப் பார்த்தாள். கைக்குழந்தைக்கான பவுடர், இரண்டு டயப்பர், கூடவே ஓர் அட்டை: 'நாற்பதாவது வாரம். வாழ்த்துகள், அம்மா.'

ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோன கரு அது. உண்டானதும் போனில் ஒரு ஆப் ஏற்றியிருந்தாள். மைக், கேமரா, இருப்பிடம் என்று அது கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே அதை அழித்தும்விட்டாள். பிறகு யார் வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்? ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து தகவல் போயிருக்குமா? நாத்தனார் யாரிடமாவது உளறியிருப்பாளா?

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் கணவன் மணிவேலைக் கூப்பிட்டாள்.

"நீங்க எதுனா ஆர்டர் போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடப்போறேன்? அந்த ஆப்காரன் உன் நம்பரை வித்திருப்பான். தூக்கிக் குப்பையில போடு. பொழுது சாய வந்துடறேன்."

பெட்டியைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். போனில் மைக், கேமரா என ஒவ்வொன்றாகத் தேடி எல்லா அனுமதியையும் நிறுத்தினாள். ஆனாலும் அந்தப் பவுடர் வாசனை அடுப்படியிலும் தலையணையிலும் தங்கியிருந்தது. வெளியே பஸ்களின் ஹாரனும் கண்டக்டர்களின் 'திருச்சி, திருச்சி' கூவலும் ஓயாத அந்த மதியத்தில், அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தம் மெல்லியதாக இழுத்துக்கொண்டே இருப்பதுபோலப் பட்டது. ஃபேனை நிறுத்தினாள். குழாயை இறுக்கினாள். எதுவும் கேட்கவில்லை.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. பெண் குரல்.

"மேடம், தாய்சேய் உதவி மையத்துலேருந்து பேசறோம். பார்சல் கிடைச்சுதுங்களா?"

"எனக்குக் குழந்தையே இல்லைங்க. மொதல்ல என் நம்பரை எடுத்துடுங்க."



"பக்கத்துல அழுவுற சத்தம் கேக்குதே மேடம்?"

"இங்க யாரும் இல்ல."

"ரொம்ப நேரமா அழுவுது. தூக்குங்களேன்."

அழைப்பைத் துண்டித்தாள். திரை அணையவில்லை. கேமரா தானாகத் திறந்துகொண்டது. அதில் அவள் முகம். முகம் தெரிந்தால் கேமரா போடும் மஞ்சள் கட்டம் அதைச் சுற்றி.

இன்னொரு கட்டம் வந்தது.

சின்னது. அவள் இடது தோளருகே, வெறும் காற்றைச் சுற்றி.

பின்னால் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. சுவரில் முதுகு முட்டியது. இடது கை கனத்தது. கட்டம் எதையோ தேடுவதுபோல மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் மார்பருகே நின்றது.

நைட்டியின் முன்புறம் நனைந்துகொண்டிருந்தது.