கதிரின் அரைஞாண்

எஸ்தர் எடுத்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேனே, அது தெரிந்து நினைப்பதா, அவளைப் பிடித்துப்போனதால் நினைப்பதா?

அன்புச்செல்வி இதை யாரிடமும் கேட்கவில்லை. 1996 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. காலை மணி 11.10. சாயிபாபா காலனியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் மாடி ஹால். பிள்ளை பெற்றவர்களுக்கு அங்கே வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் அவள். மல்லாந்து படுத்து, மடக்கிய கால்கள்மேல் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு வயிற்றை இறுக்க வேண்டும். தளர்ந்த உடம்பை மறுபடி நம்பப் பழகும் வகுப்பு.

ஏழு பாய், ஏழு குழந்தை. அதில் ஒன்றின் தங்க அரைஞாணைக் காணவில்லை.

குழந்தை கதிர், ஐந்து மாதம். தாய் கோகிலவாணி பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமியார் ராசாத்தாள் அழவில்லை. பேரனின் சட்டையைத் தூக்கிப் பார்த்துச் சத்தம் போட்டது அவர்தான்.

"எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப புள்ளைங்க யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டத்தானுங்க" என்றாள் ஆயா எஸ்தர்.

"அப்பறம் என்ன, அரணாக்கொடி எந்திரிச்சு நடந்தா போச்சு?"

எஸ்தர் தன் பையைக் கவிழ்த்தாள். ஒரு சோற்றுத் தூக்குப்போசி, பஸ் சீட்டு, சின்ன பைபிள். பன்னிரண்டு மணிக்குள் கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று மேனேஜர் லட்சுமிநாராயணன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். பதினோரு வருஷ வேலை.

மணி 11.25.

"கொடியை யாருங்க போட்டுவிட்டது?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"நாந்தான்" என்றாள் கோகிலவாணி. "காலைல குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கொடியப் போட்டு, சட்டையை மாட்டினேன்."

"மத்த நாளெல்லாம் இவன் சட்டையைக் கழட்டிப்போட்டுத்தான் பயிற்சி செய்வீங்க."

"இன்னிக்குச் சளிங்க."

"நீங்க காலைல கொடியைப் பாத்தீங்களாம்மா?"

"நான் எங்க பாத்தேன்?" என்றார் ராசாத்தாள். "அவ இவனையும் தூக்கிக்கிட்டுத் தாராபுரத்துல அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டு நேத்துப் பொழுதுசாயத்தான் வந்தா. மூத்தது கனிஷ்கா அங்கதான் வளருது. ரெண்டையும் வெச்சுப் பாத்துக்க எங்களால முடியுங்களா?"

"அந்தப் புள்ளைக்கும் கொடி செஞ்சீங்களா?"

"அதுக்கு வெள்ளி போதாதுங்களா? இவன் ஆம்பளப்புள்ள."

அன்புச்செல்வி கதிரை மடியில் போட்டுச் சட்டையைத் தூக்கினாள். கொழுத்த இடுப்பின் மடிப்பு முழுக்கப் பவுடர், போட்டது போட்டபடி. அதற்குக் கீழே, லங்கோட்டின் நாடா பதிந்த சிவந்த கோடு. அவள் சட்டையை இறக்கிவிட்டாள்.

"போலீசெல்லாம் எதுக்கு?" என்றார் ராசாத்தாள். "ஆனைமலை ஆத்தாளுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். எடுத்தவ ஒடம்பு தானா எரியும்."

"வாங்க, நானும் கூட வாரேன்" என்றாள் எஸ்தர். "எந்தச் சாமி முன்னாலயும் நிக்கறேனுங்க."

"வேண்டாங்க அத்தை!" கோகிலவாணியின் அழுகை சட்டென்று நின்றிருந்தது.

பறிகொடுத்தவள் ஏன் பயப்பட வேண்டும்?

மணி 11.45. எடை பார்க்கும் அறைக்குள் கோகிலவாணியை அழைத்துக் கதவைச் சாத்தினாள் அன்புச்செல்வி.

"கொடியை எடுத்தது நீங்கதான் அம்மணி."

கோகிலவாணி தோளில் தூங்கிவிட்ட குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நாடா கட்டின எடத்துல கோடு விழுந்திருக்குது. அதே நேரத்துக்குப் போட்ட தங்கம் மட்டும் பதியாதா? மடிப்புல பவுடர்கூடக் கலையல. எல்லாரும் கொடி இருந்த எடத்தைத் தேடினாங்க. இருந்துச்சான்னு யாரும் பாக்கல. இன்னிக்கு இவன் அதைப் போட்டுட்டு வரவே இல்ல. அது தெரியாம இருக்கத்தான் சட்டையைக் கழட்டல. கனிஷ்காகிட்ட இருக்குதா?"

சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள் கோகிலவாணி.

"தம்பிக்கு மட்டுமாம்மான்னு அவ கேட்டா, அக்கா. மூணு வயசு. கழுத்துல போட்டுப் பாத்தேன், அளவெடுத்தாப்ல இருந்துச்சு. கொக்கியை அவுக்கக் கை வரல. வழியில உழுந்திருச்சுன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். அத்தை அதுக்குள்ள ஆயாவப் புடிச்சுக்கிட்டாங்க."

"நீங்களும் உட்டுட்டீங்க."

"தெரிஞ்சா நாளைக்கே போயி அவ கழுத்துல இருந்து கழட்டிருவாங்க. எஸ்தரக்காவுக்கு எங்க மில்லுல வேற வேலை வாங்கித் தரச் சொல்றேன். ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலைன்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கும் பொட்டப்புள்ளதானே?"

கடைசிக் கேள்வி சரியான இடத்தில்தான் பட்டது. அந்தக் கொக்கியைத் தன்னாலும் அவிழ்த்திருக்க முடியாது என்று அன்புச்செல்விக்குத் தெரிந்தது. தாராபுரத்தில் ஒரு குழந்தை இந்த நிமிஷம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் எஸ்தர், கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருப்பாள். வேறு வேலை கிடைக்கும். திருடி என்ற பேர் அங்கேயும் கூடவே போகும்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"புள்ளையைக் குடுங்க."

சம்மதம் என்று நினைத்துக் கோகிலவாணி கொடுத்தாள்.

"இவனை நான் வெச்சிருக்கறேன். நீங்களே போயி எல்லார் முன்னாலயும் சொல்லிருங்க. பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள."

"அக்கா, ஒரே ஒரு பொய்."

"மாட்டேனுங்க" என்றாள் அன்புச்செல்வி, குழந்தை விழித்துக்கொள்ளாதபடி.