குரைப்பது பழுது அல்ல

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் இருந்த நாய்க் காப்பகத்தின் வாசலில் இருபது பேர் வரிசையாக நின்று, ஒரே குரலில் வணக்கம் சொல்லி, ஒரே மாதிரி சிரித்தார்கள். இருபது பேரில் ஒருவர்கூட மனிதர் இல்லை. எல்லாம் பதிலிகள்.

அந்தக் காலத்தில் தொண்டு செய்ய யாரும் நேரில் போவதில்லை. வீட்டில் இருக்கும் இயந்திர ஆளை அனுப்பிவிடுவார்கள். அது போய் நாயைக் குளிப்பாட்டும், மடியில் வைத்துக் கொஞ்சும், படம் எடுத்துக்கொள்ளும். படத்தில் மட்டும் இயந்திரத்தின் கழுத்துக்கு மேல் உரிமையாளரின் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலத்துக்குள் அவர் பெயருக்கு இரக்கச் சான்று போய்ச் சேரும். பதவி உயர்வுக்கு அது வேண்டும், வங்கிக் கடனுக்கு வேண்டும். ஜாதகத்தில் ஆயிரம் தோஷம் இருந்தாலும் இரக்கச் சான்று கனமாக இருந்தால் சம்பந்தம் பேச வருவார்கள்.

காப்பகத்தை நடத்திவந்த மயிலாத்தாளுக்கு இந்தத் தொண்டர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பழைய பெயர்களெல்லாம் மறுபடி நாகரிகமாகிவிட்டிருந்த காலம் அது; ஆனால் இவள் குணமும் பெயருக்கேற்ற பழைய குணம்தான். மாட்டு வைத்தியம், நாய் வைத்தியம் படித்தவள். மனசில் பட்டதை மூடி வைக்கத் தெரியாதவள். போன வாரம் ஒரு பதிலி, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால், ஒரே நாயை ஒரே இடத்தில் சீவிச் சீவி முதுகைச் சொட்டையாக்கிவிட்டது. அதன் உரிமையாளருக்கு இரட்டைச் சான்று கிடைத்தது.

நகரத்தில் நாய் வளர்ப்பவர்கள் இல்லாமலில்லை. வீட்டுக்கு வீடு செல்லியம் வளர்த்தார்கள். செல்லியம் என்றால் செல்லப் பிராணி மாதிரி செய்யப்பட்ட இயந்திரம். முடி உதிர்க்காது, நாற்றம் அடிக்காது, சாகாது. அலுத்துப்போனால் புது மாடல் வாங்கிக்கொள்ளலாம். ரத்தமும் சதையுமான நாய்கள் மயிலாத்தாளின் காப்பகத்தில் மட்டும்தான் மிச்சம். அவையும் அசல் தெருநாய்கள், செவலையும் கறுப்புமாக, ஊர் பேர் தெரியாத வம்சம்.

நகரத் தூய்மை அதிகாரி மாசிலாமணி அனுப்பிய உத்தரவு ஐப்பசியில் வந்தது. தை பிறப்பதற்குள் காப்பகத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் யாராவது ஒரு மனிதர், இது என் நாய் என்று பதிவு செய்து வீட்டுக்குக் கூட்டிப்போனால் அந்த நாய் பிழைக்கும். மீதிக்கு அமைதி ஊசி. ஊசிக்கு அப்படி ஓர் அழகான பெயர் வைத்தவருக்கும் இரக்கச் சான்று கொடுத்திருப்பார்கள்.

மயிலாத்தாள் சும்மா இருக்கவில்லை. நாய்களோடு நடப்போம் என்று ஊர்வலம் வைத்தாள். பதிலிகள் வந்து நடந்துவிட்டுப் போயின. நாய்களின் படங்களைப் போட்டு ஊரெல்லாம் நிதி கேட்டாள். திரையில் 'அச்சச்சோ' என்று ஒரு பொத்தான் உண்டு. மனம் நெகிழ்ந்தவர்கள் அதை அழுத்துவார்கள். ஒரே நாளில் நாலு லட்சம் அச்சச்சோ வந்து குவிந்தது. அச்சச்சோவைக் கரைத்து நாய்த் தட்டில் ஊற்ற முடியுமா? தத்தெடுக்க ஒரு ஜீவன் வரவில்லை.

அப்போதுதான் தேவசேனை வந்தாள். ரேஸ்கோர்ஸ் பக்கம் மேகத்தைத் தொடும் குடியிருப்பில் இருப்பவள். அவளுடைய பதிலி காப்பகத்திலேயே மக்கர் செய்து நின்றுவிட்டதால் அழைத்துப்போக வேறு வழியில்லாமல் நேரில் வந்தாள். உள்ளே மயிலாத்தாளின் உதவியாளன் செங்கோடன் பதிலியின் முதுகைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் மின்னூட்டும் கம்பிகள் தொங்கின. அதன் கீழே கதகதப்புக்காக ஒரு செவலைக் குட்டி சுருண்டு படுத்திருந்தது.

தேவசேனை குனிந்து பார்த்தாள். குட்டியின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. மூச்சு விடுவதுபோலவே செய்திருக்கிறார்களே, இது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டாள்.

மயிலாத்தாள் வாயைத் திறப்பதற்குள் செங்கோடன் முந்திக்கொண்டான். "வெளிநாட்டுச் சரக்குங்க அம்மணி. இன்னும் கடைக்கே வரல. சோதனை பாக்கறதுக்கு எங்ககிட்ட உட்டிருக்கறாங்க."

குட்டி விழித்து, கொட்டாவி விட்டு, தேவசேனையின் கட்டைவிரலைக் கடித்தது. பல்லில்கூட என்ன நுணுக்கம் என்று அவள் வியந்துபோனாள். அதை வாங்காமல் நகரமாட்டேன் என்றாள். நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். அன்றைக்கு வந்த காசு காப்பகத்து நாய்களுக்கு ஒரு மாதச் சோறானது.

அவள் போனதும் மயிலாத்தாள் செங்கோடனைப் பிடித்துக்கொண்டாள். "அது நாயிடா. நாயை நாயின்னு சொல்லி ஒருத்தராச்சும் கூட்டிட்டுப் போகோணும். அதுக்குத்தான் இத்தன வருசமா இங்க உக்காந்திருக்கறேன்."

"சொல்லித்தான் பாத்தாச்சுங்களேக்கா, ஒருத்தரும் வரலியே. பேரோட சாகறதா, பேரில்லாம பொழைக்கறதா? நீங்களே சொல்லுங்க."

மயிலாத்தாள் குட்டி போன திசையைப் பார்த்தாள். பிறகு, உத்தரவு போட்டவர்களையும் அச்சச்சோ அழுத்தியவர்களையும் சேர்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, வாசல் பலகையைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் அதில் 'அயல்நாட்டுச் செல்லியங்கள், குறைந்த எண்ணிக்கையே உள்ளன' என்று எழுதியிருந்தது.

பயன்பாட்டுக் குறிப்பையும் அவளே எழுதினாள். எரிபொருள் தினம் இரண்டு வேளை, சோறும் கறியும். குரைப்பது பழுது அல்ல. கதவைப் பிறாண்டினால் வெளியே நடத்திச் செல்லவும். இடி இடிக்கும்போது கருவி நடுங்கும், அருகில் உட்காரவும். நெடுநேரம் தனியே விட்டால் இயக்கம் மந்தமாகும். பெயர் சொல்லித் தடவிக் கொடுத்தால் சரியாகிவிடும். திறந்து பார்த்தால் உத்தரவாதம் செல்லாது.

கூட்டம் நெரிந்தது. பதிலியை அனுப்பினால் வரிசையில் இடம் போய்விடுமோ என்று ஜனங்கள் நேரிலேயே வந்தார்கள். தன்னுடையது செருப்பைக் கடிக்கிறது என்று ஒருவர் பீற்றிக்கொள்ள, தன்னுடையது சோபாவையே கடிக்கிறது என்று இன்னொருவர் மார்தட்டினார். நாயைக் கண்டால் கல்லைத் தேடிய பரம்பரை, நாயின் பின்னால் தானே பையோடு நடந்தது. மார்கழிக்குள் காப்பகம் ஏறக்குறைய காலி. ஒத்தக்காதன் மட்டும் நின்றுபோனான். வயசான கறுப்பு நாய். ஒரு காது எப்போதோ கிழிந்து போயிருந்தது. பார்த்தவர்களெல்லாம் அடிபட்ட சரக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

விற்பனை குறைந்துபோன செல்லிய உற்பத்தியாளர் சங்கம் சும்மா விடுமா? மயிலாத்தாள் விற்பது இயந்திரமே அல்ல, வெறும் தெருநாய் என்று மாசிலாமணியிடம் புகார் கொடுத்தது. அவர் விசாரணை வைத்தார். புகார் உண்மையானால் விற்றது செல்லாது, நாய்கள் திரும்பி வரும், வந்தால் ஊசிதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. வாங்கியவர், இது நாய் என்று தெரிந்தே வைத்துக்கொள்கிறேன் என்று எழுந்து சொன்னால் போதும், அந்த நாய் அவரிடமே இருக்கும்.

இதைக் கேட்டதும் மயிலாத்தாள் முடிவெடுத்துவிட்டாள். இத்தனை நாள் சோறு போட்டிருக்கிறார்கள், மடியில் வைத்திருக்கிறார்கள், இடிக்கு நடுங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி இவர்களா விட்டுக்கொடுப்பார்கள்? ஒளித்தது போதும் என்றாள். வேண்டாமென்று கெஞ்சிய செங்கோடனிடம், நான் நாய்களை நம்பின அளவுக்கு மனுசர்களையும் ஒரு தரம் நம்பிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசாரணைக் கூடத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் நாயோடு வந்திருந்தார்கள். மயிலாத்தாள் எழுந்து நின்று யாருக்கும் கும்பிடு போடாமல் பேசினாள்.

"இதுக எல்லாமே நாயிங்க. குளத்தங்கரைத் தெருநாயிங்க. பொய் சொன்னது நானு, என்னைய உள்ள தூக்கி வைங்க. ஆனா இவுங்க வூட்டுல இதுக நல்லா இருக்குதுங்க. எங்க நாயின்னு இவுங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சுச் சொல்லுவாங்க பாருங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார்கள். தன் வாயாலேயே அத்தனை உயிரையும் கொன்றுவிட்டோமே என்று மயிலாத்தாளுக்குத் தோன்றியது.

அப்போது தேவசேனை எழுந்தாள். "இந்த அம்மா ஏதோ மனசு சரியில்லாம பேசறாங்க சார். மத்தவங்களோடது எப்படியோ எனக்குத் தெரியாது. என்னோடது ஒரிஜினல் மெஷின்."

தங்களுடையதும் ஒரிஜினல்தான் என்று வரிசையாக எல்லோரும் எழுந்து சொன்னார்கள். தெருநாய்க்கா இவ்வளவு காசு கொடுப்போம், எங்களைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தேவசேனையின் செவலை, சங்கத்து வக்கீலின் மேசைக்காலில் காலைத் தூக்கியது. எண்ணெய்க் கசிவு என்றாள் தேவசேனை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஓர் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது என்றார் வக்கீல். தேவசேனை நாயை வாரி அணைத்து, அதன் கண்களைக் கையால் மூடிக்கொண்டாள். குத்தினால் உத்தரவாதம் போய்விடும், விடமாட்டேன் என்றாள். அவள் குரல் உடைந்தது. கூடம் முழுக்க ஆளாளுக்குத் தங்கள் நாயைப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்தபோதுதான் மயிலாத்தாளுக்கு விளங்கியது. அத்தனை பேருக்கும் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உரிமையாளர்கள் அனைவரும் ஒருமனதாகச் சொல்வதால் இவை இயந்திரங்களே என்று மாசிலாமணி தீர்ப்பு எழுதினார். இல்லை, நாய்கள் என்று மயிலாத்தாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொது இடத்தில் கலவரம் செய்ததாக அவளுக்கு அபராதம் விழுந்தது. செங்கோடன் சந்தோஷத்தில் அழுதான். அவளுக்கும் சந்தோஷம்தான், ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

காப்பகத்துக்கு வந்ததும் பலகையை அழித்துவிட்டு, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இங்கே இருப்பது ஒரே ஒரு தெருநாய். உயிருள்ளது. வயதானது. காசு வேண்டாம். நாய் என்று சொல்லிக் கேட்பவருக்கு மட்டுமே தரப்படும்.' ஒத்தக்காதனையும் இயந்திரம் என்று எழுதிக் கொடுத்தால் உத்தரவு அவனைத் தொடாது என்று செங்கோடன் மன்றாடிப் பார்த்தான். இவன் ஒருத்தனாவது நாயாகவே இருக்கட்டும் என்றாள் மயிலாத்தாள். ஊசியோடு வருகிறவன் முதலில் தன்னைத் தாண்டட்டும் என்றும் சொன்னாள்.

போகிப் பண்டிகை அன்று மாசிலாமணி தனியாக வந்தார். தெருமுனையில் ஜனங்கள் கழித்துப்போட்ட பழைய செல்லியங்கள் குவிந்து கிடந்தன. சிலவற்றின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் ஒத்தக்காதனைப் பின்னால் விட்டு, வாசல் படலைச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள். அவர் கையில் ஊசிப் பெட்டி இல்லை. பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

பிரமாதமான விளம்பரம் என்றார். உயிருள்ளது என்று எழுதிவிட்டால் எவனுக்குத்தான் ஆசை வராது? தன் மகள் ஒரு மாதமாக உயிரை வாங்குகிறாளாம். அதிகாரிகள் குடியிருப்பில் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம், தன் வீட்டில் மட்டும் இல்லையாம். விலையைச் சொல்லுங்கள் என்றார்.

"வெலையெல்லாம் இல்லீங்க. இது என்னன்னு உங்க வாயால சொல்லுங்க. சொன்னாத்தான் கயித்தைக் கையில குடுப்பேன்."

மாசிலாமணி சிரிப்பை நிறுத்தினார். ஒத்தக்காதன் படலின் இடுக்கு வழியே மூக்கை நீட்டி அவர் கையை முகர்ந்து, மெதுவாக நக்கினான். அவர் கையை எடுக்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தெருவில் ஆள் இல்லை என்று உறுதியானதும் குனிந்து, தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

"நாய்."

மயிலாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. படலைத் திறந்து கயிற்றைக் கொடுத்தாள். அவர் ஒத்தக்காதனைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். ஆளில்லாமல் தானே ஓடும் வண்டி அது. கதவை மூடாமல் இனிமையான குரலில், விலங்குகளுக்கு அனுமதி இல்லை, இது என்ன என்று கேட்டது.

"மெஷின்" என்றார் மாசிலாமணி, தெருவே கேட்கும்படி.

காது சேதமடைந்திருக்கிறதே, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றது வண்டி.

"அந்தக் காதுக்குத்தான் விலையே" என்றார் அவர், அதே சத்தத்தில்.

மயிலாத்தாள் தெருவுக்கு ஓடிவந்து, போகிற வண்டியைப் பார்த்து, "நாயி! அது நாயி!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். எதிர்வீட்டு அம்மாள் சன்னலைத் திறந்தாள். கையில் வாலாட்டிக்கொண்டிருந்த தன் பழைய செல்லியத்தைக் குப்பையில் போட்டுவிட்டு ஓடிவந்து, அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா, விலை எவ்வளவானாலும் பரவாயில்லை, ஆனால் காது கிழிந்ததாகத்தான் வேண்டும் என்றாள்.