கவட்டைக் கித்தார்

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. கப்பல் பட்டறைத் தொழிலாளி சக்தியைத் திருடன் என்று எழுதி, அவருடைய படத்தைத் தேக்கா வட்டார வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் சுற்றவிட்டிருந்தார்கள். விசாரணை இல்லை, சான்று இல்லை, வெட்கமும் இல்லை.

அன்று முற்பகல், காப்பீட்டு இழப்புகளை ஆராயும் ரஷீதாவின் பிடோக் வீட்டில் சக்தி உட்கார மறுத்து நின்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்காருக்கா. அதுக்குள்ள இது தீரலன்னா, வேலை பெர்மிட்டை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்."

"மொதல்ல இருந்து சொல்லுங்க, புரோ," என்றார் ரஷீதாவின் உதவியாளர் கபிலன். சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்த அவரும் உட்காரவில்லை.

டன்லப் தெருவில் ரமணன் நடத்தும் இசைப் பயிற்சிக்கூடத்தில் சக்தி ஞாயிறுதோறும் கித்தார் வாசிப்பார். அங்கே ஒரு பழைய மின்கித்தார் தொங்கும். யாமினி என்பவருடைய காலஞ்சென்ற தந்தையின் உடைமை அது. மற்ற கித்தார்களுக்கு உள்ள வளைவு அதற்குக் கிடையாது. உடல் இரண்டு கூரிய கால்களாகப் பிளந்து விரிந்திருக்கும்; ஒரு கால் நீளம், மற்றது குட்டை. சக்தி அதற்கு வைத்த பெயர் 'கவட்டை'.

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஆயுத பூஜை. வேலை முடிந்து தாமதமாகச் சென்ற சக்தி, சுண்டல் தின்றுவிட்டுத் தம் கித்தார் பையோடு கடைசி ஆளாக வெளியேறினார். மறுநாள் கவட்டையை எடுத்துப்போக யாமினி வந்தபோது, அங்கே இருந்தது போலி. ரமணன் சக்தியைக் கைகாட்டினார்.

கபிலன் துள்ளினார். "அவ்வளவு அகலமான உடம்பு சாதாரணப் பையில நுழையாதுக்கா! கேஸ் முடிஞ்சுது!"

"திருகாணியை எடுத்துக் கழுத்தைக் கழற்றிட்டா, உடம்பைச் சாய்ச்சு நுழைச்சுடலாம். உட்காரு," என்றார் ரஷீதா. பிறகு அவரே எழுந்தார். "வேணாம், வா. கிளம்பலாம்."

கூடத்தில் ரமணனும் யாமினியும் காத்திருந்தார்கள். வெளியே மழை கொட்டியது. ரமணனின் கைபேசி நொடிக்கொரு முறை அதிர்ந்தது, அவர் எடுக்கவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்க லா. கடைசியா நின்னது இவன்தான். வேற யாரு?" என்றார் ரமணன்.

"எங்க வீட்டுல இந்தப் பூஜை கிடையாது, அதனால கேக்குறேன்," என்றார் ரஷீதா. "கித்தாருக்கு என்ன செய்வீங்க?"

"சந்தனம், குங்குமம் வெப்போம். என்ன பெரிய விஷயம்?"

"மத்த கித்தாருக்கு," என்று யாமினி இடைமறித்தார். "அப்பாவோடதுல வெத்தலையிலதான் பொட்டு வெப்போம். அந்த வெத்தலையைக் கம்பிக்கு அடியில செருகிடுவோம். பழைய பாலிஷ், முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். குங்குமம் இறங்கினா போகவே போகாது. ரமணனுக்கும் தெரியும். நேத்து வந்து பார்த்தா மரத்து மேலயே பூசியிருக்கு! கோபத்துல ஒரு படம் எடுத்துட்டுத்தான் துடைச்சேன். சுத்தமா வந்துடுச்சு. அப்பத்தான் இது போலின்னு புரிஞ்சுது."

"நான் வெத்தலையிலதான் வெச்சேன், யாமினி," என்றார் ரமணன். "இவன் ராத்திரி போலியை வெச்சுட்டு, சந்தேகம் வராம இருக்கப் பூசியிருக்கான். பூஜை வழக்கம் தெரியாதவன், மாட்டிக்கிட்டான்."

"எனக்கா தெரியாது?" என்று சக்தி சீறினார்.

ரஷீதா யாமினியின் படத்தைப் பார்த்தார். நீர்த்த சந்தனம் கவட்டையின் நீளக் காலில் வழிந்து, முனைக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து காய்ந்திருந்தது.

"சக்தி, வெள்ளிக்கிழமை பூஜைப் படம் ஏதாவது இருக்கா?"

"ரமணன் அண்ணன் பூஜை முடிஞ்சதும் குரூப்ல போட்டது இருக்குக்கா. கப்பல் யார்டுல இருந்து பஸ்ல வரும்போதே பார்த்தேன்."

படத்தில் ரமணன் கைகூப்பி நின்றார். அவருக்குப் பின்னால், எந்தத் தாங்கியிலும் நிற்காத கவட்டை தன் இரு கால்களையும் ஊன்றிச் சுவரில் சாய்ந்திருந்தது. ரஷீதா அந்த மூலையைப் பெரிதாக்கி, இரண்டு கைபேசிகளையும் அருகருகே பிடித்தார்.

"அக்கா! அதே வழிசல்!" என்று கத்தினார் கபிலன்.

"ஆமா. பொட்டைப் பார்த்து இன்னொரு பொட்டு வெக்கலாம். வழிஞ்ச சந்தனத்தை அதே மாதிரி இன்னொரு தடவை யாராலயும் வழிய வெக்க முடியாது. நேத்து யாமினி துடைச்ச போலிதான் வெள்ளிக்கிழமை பூஜையில நின்னிருக்கு. சக்தி அப்ப பஸ்ல."

"அப்ப முன்னாடியே மாத்தியிருப்பான்! எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும், ரமணன். அசல்னு நினைச்சிருந்தா வெத்தலையைத் தேடியிருப்பீங்க. போலின்னு தெரிஞ்சதாலதான், வரிசையா எல்லாத்துக்கும் பூசிட்டு வந்த கை இதுலயும் நிக்காமப் பூசிடுச்சு. யாமினி இவ்வளவு சீக்கிரம் வருவாங்கன்னு நீங்க எதிர்பார்க்கல. வந்து கேட்டதும் வெத்தலைன்னு பொய் சொன்னீங்க. சொந்தப் படத்துல பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கல."

ரமணனின் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. யாமினி கையை நீட்டினார். "யாரு? அப்பாவோட கித்தாரை வாங்கப்போற ஆளா?"

ரமணன் ஒப்புக்கொண்டார். அசல், கேலாங்கில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த சேமிப்பறையில் இருந்தது. யாமினி அங்கேயே காவல்துறையை அழைத்தார். அடுத்து, சக்தியின் மேற்பார்வையாளரை.

வேலை தப்பியது. ஆனால் திங்கட்கிழமை காலை லாரியில் சக்தி ஏறியபோது, எதிரே இருந்தவர் தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சக்தியைத் திருடன் என்று யாரோ அனுப்பிய படம் அந்த ஆளுடைய கைபேசியில் இன்னும் இருந்தது.

வாசகரே, இப்படி ஒருவருடைய படத்தை, உண்மை எதுவென்று கேளாமல் நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். கைபேசியைத் திறவுங்கள். யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும், 'நான் விசாரிக்காமல் அனுப்பினேன்' என்று உங்கள் பெயரிட்டு எழுதுங்கள். நாளைக்கு அல்ல; இப்போதே.